பிரம்புக்குப் பதில் ஒரு குறிப்பேடு

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? தண்ணீர்! வெறுமனே தேங்கி நிற்கும் தண்ணீர் அன்று. மேல்நோக்கி முட்டி அழுத்திக்கொண்டிருக்கும் ஊற்றுநீர். மேல்மண்ணை வெட்டி அகற்றினால், அந்த நீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு பாய்ந்துவிடும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். நீர்மட்டத்தை அளந்துகொண்டேதான் வெட்டுகிறார்கள். 1957-இல் தொடங்கிய சுரங்கத்தில் 1961-இல் நிலக்கரியை எட்ட முடிந்தது இப்படித்தான்.

வகுப்பறையிலும் சில சமயம் தரை பிளக்கிறது. கூச்சல், தாமதம், சண்டை, வீட்டுப்பாடம் செய்யாமை. மேலிருந்து அமுக்கினால் அடங்கிவிடுமா? அல்லது அடியில் உள்ள அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டுமா? இதற்கு விடை தேடும் முறைக்குச் ‘செயலாய்வு’ என்று பெயர்.

தலைவர் வெளியே போனால்?

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளவியல் அறிஞர் கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் என்னும் இருவருடன் சேர்ந்து ஒரு சோதனையின் முடிவுகளை 1939-இல் வெளியிட்டார். சுமார் பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கைவேலைகள் கொடுத்தார்கள். சில குழுக்களில் தலைவர் கட்டளை மட்டுமே இட்டார். வேறு சிலவற்றில் சிறுவர்களுடன் கலந்து பேசி முடிவு செய்தார். பின்பு தலைவர் அறையைவிட்டு வெளியேறினார். கட்டளைக் குழுக்களில் வேலை பெரிதும் குறைந்துபோயிற்று. கலந்து பேசிய குழுக்களிலோ ஏறக்குறைய முன்போலவே நடந்தது. அச்சத்தால் வந்த ஒழுங்கு, அச்சுறுத்துபவர் இருக்கும்வரைதான் நிற்கும் என்பதை இது காட்டிற்று.

‘செயலாய்வு’ என்ற கருத்தை 1946-இல் விளக்கி எழுதியவரும் இதே லெவின்தான். அமெரிக்கக் கல்வியாளர் ஸ்டீபன் கோரி, 1953-இல் இதைப் பள்ளிகளுக்கு உரிய முறையாக விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். ஆராய்ச்சி எங்கோ ஒரு கூடத்தில் நடக்க வேண்டியதில்லை; ஆசிரியரே தம் வகுப்பறையில் ஆய்வாளர் ஆகலாம் என்பதே இதன் அடிப்படை.

எப்படிச் செய்வது?

நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். உணவு இடைவேளைக்குப் பின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் பலர் தாமதமாக வருகிறார்கள். ஆசிரியர் உடனே தண்டிக்கவில்லை. ஒரு குறிப்பேடு எடுக்கிறார். 10 பள்ளி நாட்களுக்கு எத்தனை பேர், எங்கிருந்து, ஏன் தாமதமாக வந்தார்கள் என்று குறிக்கிறார். மொத்தம் 120 தாமதங்கள். அதாவது நாள் ஒன்றுக்குச் சராசரி 12. அவற்றில் 84 தாமதங்கள் குடிநீர்க் குழாயடியில் நேர்ந்தவை. அதாவது நூற்றுக்கு 70! எல்லா வகுப்புகளும் ஒரே மணிக்கு வெளியே வருகின்றன. குழாய்களோ இரண்டே இரண்டு.

மாணவர்களுடன் பேசி ஒரே ஒரு மாற்றம் செய்கிறார்கள். கீழ்வகுப்புகளுக்குப் பத்து நிமிடம் முன்னதாக மணி அடிக்கிறது. மீண்டும் 10 நாட்கள் எண்ணுகிறார்கள். இப்போது நாளுக்கு 4 தாமதங்கள்தான். யாருக்கும் அடி விழவில்லை.

அந்த மீதி நான்கு? அவை பெரும்பாலும் கணக்குப் பாட நாளில் வருகின்றன என்று குறிப்பேடு காட்டினால், அடுத்த கேள்வி ஆசிரியரையே நோக்கித் திரும்புகிறது. “என் பாடம் இவர்களுக்குப் புரிகிறதா?” திட்டமிடு, செய், கவனி, சிந்தி, மறுபடியும் திட்டமிடு என்று இந்தச் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. மழைநாள், தேர்வு வாரம் ஆகியவை கணக்கைக் குழப்பும். எனவே மாற்றம் செய்யாத மற்றொரு பிரிவுடன் ஒப்பிடுவது நல்லது. எல்லாவற்றிலும் முக்கியம், குறிப்பேடு தண்டனைப் பட்டியல் ஆகிவிடக் கூடாது. அஞ்சும் மாணவன் உண்மையான காரணத்தை மறைப்பான். பொய்யான அளவை வைத்து எந்த விஞ்ஞானமும் செய்ய முடியாது. ஒரு வகுப்பில் கிடைத்த விடை எல்லா வகுப்புகளுக்கும் பொருந்தும் என்றும் எண்ணிவிடக் கூடாது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் அதன் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்தாயிற்று; வெறுங்கையுடன் நிற்கும் ஆசிரியருக்கு ஒரு கருவி வேண்டாமா? ஆசிரியப் பயிற்சியில் இடம்பெறும் செயலாய்வு அத்தகைய ஒரு கருவிதான்.

மாணவ நண்பர்களே! இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் வகுப்பில் அடிக்கடி எழும் ஒரு தொல்லையைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியரின் அனுமதியுடன், யார் பெயரையும் எழுதாமல், இரண்டு வாரம் எண்ணுங்கள். “யார் குற்றவாளி?” என்று கேட்பதற்கு முன் “எப்போது, எங்கே, ஏன்?” என்று கேளுங்கள். விடை உங்களை வியக்க வைக்கலாம்.