பாமினியில் கிடக்கும் நெல்: பதிந்த மேக்ரோ ஏன் சொதப்புகிறது?

தஞ்சாவூர், கும்பகோணம் டிடிபி கடைகளில் பழைய கோப்புகளுக்குப் பஞ்சமில்லை. விவசாயிகள் சங்கத் துண்டறிக்கை, கும்பாபிஷேக மலர், கொள்முதல் நிலைய மனு என்று பலவும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தவை. தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. கோப்புகள் தாமாக மாறிவிடுமா என்ன? அட்டவணை குலையக் கூடாதென்று வேர்டிலேயே ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்து, அதை மேக்ரோவாகப் பதிகிறார்கள். அடுத்த கோப்பில் ஓட்டினால் குளறுபடி.

திரும்பத் திரும்பப் பதிந்து பயனில்லை. ஆல்ட்டும் எஃப்11-ம் அழுத்தி நிரலைத் திறங்கள்.

முதலில் 'மேட்ச்கேஸ் = ஃபால்ஸ்' என்ற வரி. பாமினியில் ஆங்கிலச் சின்ன 'என்' ஒற்றைக்கொம்பு, பெரிய 'என்' இரட்டைக்கொம்பு. ஃபால்ஸ் என்றால் வேர்டுக்கு இரண்டும் ஒன்றே. 'நேரடி'யின் நே, 'நெ' ஆகிவிடும். ட்ரூ என்று மாற்றுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது வரிசையில். 'கொள்முதல்' என்பதன் கொ பாமினியில் மூன்று விசை: கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. தனி 'க'வை முதலில் மாற்றிவிட்டால் அந்த மூன்றெழுத்துத் தொடர் அப்புறம் சிக்காது. கொம்பு அந்தரத்தில் தொங்கும். ஆகவே கொ, கோ முதலில், பிறகு கெ, கே, கை, கடைசியில்தான் க. வரிகளை வெட்டி இடம் மாற்றினால் போதும்.

ஔகாரத்தை மட்டும் மேக்ரோவிடம் விடாதீர்கள். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. அதனால்தான் 'வெள்ளம்' 'வௌ்ளம்' ஆகிறது. 'வௌியீடு' என்று அச்சேறிய பக்கங்களும் இப்படி வந்தவைதாம். ஔகார வரிகளை நீக்கிவிட்டு, 'கௌரவம்' போன்ற சிலவற்றைக் கையால் திருத்துவதே லாபம்.

நிரலில் தமிழை நேரடியாக அடித்தால் கேள்விக்குறிகளே விழும். சிஹெச்ஆர்டபிள்யூ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 2965 கொடுத்தால் க. 3018 ஒகரக் குறி.

டெல்டாவுக்கே உரிய வம்பு ஒன்று உண்டு. ஆடுதுறை நெல் ரகங்களை ஆங்கிலத்தில் ஏடிடி என்று அடித்திருப்பார்கள். மேக்ரோ அதையும் விடாது. 'ஏடிடி 43' என்பது 'யுனுவு 43' ஆகும். எழுத்துரு பாமினியாக உள்ள இடத்தில் மட்டும் தேடும்படி நிரலிலேயே எழுதினால் ஆங்கிலம் தப்பும்; ஃபைண்ட் பெட்டியில் குறிப்பிடும் எழுத்துரு மேக்ரோவில் பதிவாகாது.

இத்தனைக்குப் பிறகும் பக்கத் தலைப்பு, அடிக்குறிப்பு, உரைப்பெட்டிகள் பழையபடியே இருக்கும். கர்சர் நிற்கும் பகுதியைத் தாண்டி இந்த மேக்ரோ போகாது; அங்கெல்லாம் கர்சரை வைத்துத் தனித்தனியே ஓட்ட வேண்டும்.