ஊரணியில் நீர் இருக்கும்வரை

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணிக்கு ரயிலில் வரும்போது செல்பேசியில் ஒரு பாட்டு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். தென்னந்தோப்புகளுக்குள் சிக்னல் குறையும் இடத்தில் பாடுகிறவரின் முகம் கட்டம் கட்டமாகக் கலங்கும். ஆனால் பாட்டு நிற்காது. ஊர் நெருங்கி டவர் கிடைத்ததும் முகம் மறுபடி துலங்கிவிடும். அந்தக் கலங்கலைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டு அறுபடாமல் இருக்க யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

இணையத்தில் ஏற்றிய வீடியோவை 144, 240, 360, 720, 1080 என்று பல தரங்களில் பிரதியெடுத்து, ஒவ்வொரு பிரதியையும் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வைக்கிறார்கள். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ்., 2012-இல் சர்வதேசத் தரமாக வெளிவந்த டேஷ் ஆகிய வீடியோ அனுப்பும் முறைகள் இரண்டுக்கும் இதுதான் அடிப்படை. செல்பேசி முதலில் துண்டுகளின் பட்டியலை வாங்கிக்கொள்ளும். பிறகு ஐந்தாம் துண்டை 720-இல் கேட்கும், ஆறாவதை 240-இல் கேட்கும். வைஃபையோ 4ஜியோ, சிக்னல் நிலவரம் அதற்குத்தானே தெரியும்!

எந்தத் தரத்தைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். வேகத்தை அளந்து முடிவெடுக்கலாம். ஆனால் இந்த நொடி இருக்கும் வேகம் அடுத்த நொடி இருக்காது. பேராவூரணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கல்லணைக் கால்வாயின் கடைமடை இந்த ஊர். முறை வைத்து விடும் தண்ணீர் வாய்க்காலில் எவ்வளவு ஓடுகிறது என்பதைவிட, குளத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதே இங்கே பெரிய கேள்வி. ஊரின் பெயரிலேயே ஊரணி இருக்கிறது.

செல்பேசிக்கும் ஓர் ஊரணி உண்டு. யூடியூபில் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் வெளிர்நிறக் கோடு ஒன்று நீளுமே, அதுதான். இன்னும் பார்க்காத, ஆனால் வந்து சேர்ந்துவிட்ட துண்டுகள். கெவின் ஸ்பிடேரி, ராகுல் உர்காவ்ங்கர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ரமேஷ் சீதாராமன் மூவரும் 2016-இல் வெளியிட்ட ‘போலா’ என்ற கணக்குமுறை இந்தச் சேமிப்பைப் பார்த்தே முடிவெடுக்கிறது. நிறைய இருந்தால் உயர்ந்த தரம், வற்றினால் தாழ்ந்த தரம். படித்தபோது எனக்குக் குளத்தங்கரைப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது.

பார்ப்பவரைக் காக்கவைத்தால் என்ன ஆகும் என்பதையும் சீதாராமன் முன்பே ஆராய்ந்திருக்கிறார். 2012-இல் எஸ். சண்முக கிருஷ்ணனோடு சேர்ந்து 2.3 கோடி பார்வைகளை அலசினார். வீடியோ தொடங்க 2 விநாடிக்கு மேலானால் ஆட்கள் விலகத் தொடங்குகிறார்கள்; அதற்குமேல் ஒவ்வொரு விநாடித் தாமதத்துக்கும் விலகுவோர் 5.8 சதவீதம் கூடுகிறார்கள்.

நேரலைக்கு மட்டும் இந்த ஊரணி ஆழமாக இருக்க முடியாது. இன்னும் நடக்காததை எப்படிச் சேமிப்பது? 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் நேரலையில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அங்கேயும் துண்டு நறுக்கி, அனுப்பி, கொஞ்சமாவது சேர்த்துவைத்துத்தான் படம் ஓடும். அதனால்தான் கிரிக்கெட் நாளில் டீக்கடை டிவியில் சிக்சருக்குக் கூச்சல் எழும்போது, நம் செல்பேசியில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடிவரத் தொடங்கியிருப்பார்.