பக்கப் படியும் களஞ்சியப் படியும்: பதிப்புப் பணியில் ஒத்திசைவுப் பிழைகள்

சுவடி பதிப்பிப்போர்க்குப் பாடவேறுபாடு புதிதன்று. ஒரு நூலின் பல ஏடுகளை ஒப்பிட்டு, எது எதனைப் பார்த்து எழுதப்பட்டது எனத் தெளிந்து, அதன் பின்னரே பாடம் துணிதல் பதிப்பாசிரியர் கடமை. இக்காலத்தில் அவ்வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆசிரியர் துணிந்த பாடம் அச்சுக்குச் செல்லும் வழியில் மீண்டும் இரண்டாகப் பிரிகின்றது. பலர் கூடித் திருத்தும் பொதுக் களஞ்சியத்தில் ஒரு படி உள்ளது. பக்கங்களை அமைக்கும் மென்பொருளின் கோப்பில் மற்றொரு படி உள்ளது. இரண்டும் ஒன்றே என்னும் நம்பிக்கையில் நூல் அச்சேறுகின்றது. அச்சான பின்னர், மூன்று திங்களுக்கு முன் திருத்திய சொல் பழைய வடிவிலேயே நிற்பதைக் காண்கின்றோம். யார் பிழை என வினவினால் விடை கிடைப்பதில்லை. திருத்தியவர் திருத்தியுள்ளார், பக்கம் அமைத்தவர் தமக்குத் தந்ததை அமைத்துள்ளார்.

இப்பிழை எங்ஙனம் தோன்றுகின்றது, அதனை எவ்வாறு கண்டு களைவது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம். பதிப்பகங்களில் பெரிதும் வழங்கும் இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளையும், கிட் என்னும் படிகாப்புக் கருவியையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிற கருவிகளுக்கும் இவ்வாராய்ச்சி பெரும்பாலும் பொருந்தும்.

கிட் 2005ஆம் ஆண்டில் லினசு டோர்வால்ட்சு என்பார் லினக்சு இயங்குதளத்தின் நிரல்களைக் காத்தற்பொருட்டு இயற்றியது. பாடத்தைத் திருத்தி ஒருவர் களஞ்சியத்தில் ஒப்படைக்குந்தோறும், அந்நிலை முழுவதையும் அது பதிந்து வைக்கின்றது. ஒவ்வோர் ஒப்படைப்புக்கும் அதன் உள்ளடக்கத்தினின்றே கணிக்கப்பட்ட ஒரு நீண்ட குறி பெயராகின்றது. ஓர் எழுத்து மாறினும் அக்குறி மாறும். இதனினும் நமக்கு இன்றியமையாதது பிறிதொன்று. ஒவ்வோர் ஒப்படைப்பும் தன் முற்படி இன்னது என்னும் குறிப்பைத் தன்னகத்தே கொண்டுள்ளது. ஏடுகளின் வழிமரபைப் பிழைகளை ஒப்பிட்டு ஊகித்தறிவது நம் வழக்கம். களஞ்சியத்தில் அம்மரபு எழுதப்பட்டே கிடக்கின்றது. இன்டிசைன் கோப்பின் நிலை வேறு. அஃது இருமக் கோப்பாதலின், அதனுள் எச்சொல் மாறிற்று என்பதைக் கிட் கூற இயலாது. கோப்பு மாறிற்று என்று மட்டுமே கூறும். ஆகவே ஒருபுறம் வழிமரபு தெளிந்த படி, மறுபுறம் வழிமரபு அற்ற படி. பிணக்கின் வேர் இதுவே என்பது எம் கருத்து.

முதற்கண் நோக்கத்தக்கது பாடம் பக்கத்துள் புகும் முறை. படங்களை இன்டிசைனில் அமைக்கும்பொழுது அவை வெளிக்கோப்போடு இணைப்புற்று நிற்கின்றன. மூலப்படம் மாறினால் மென்பொருள் எச்சரிக்கை தரும். உரைக்கோப்புக்கோ, விருப்பமைவில் தனியே வேண்டினாலன்றி, இவ்விணைப்பு இல்லை. உரை உள்ளே படியெடுக்கப்படுகின்றது. அந்நொடியே அது மூலத்தினின்றும் பிரிந்துவிடுகின்றது. அதன்பின் களஞ்சியத்தில் நூறு திருத்தம் செய்யினும் பக்கம் அறியாது. பக்கம் அறியவில்லை என்பதை அறிவிக்கும் எச்சரிக்கையும் எழாது. இணைப்பை வேண்டிப் பெற்றால் இடர் தீரும் என்று கருதுதல் இயல்பே. ஆயின் இணைத்த உரையைப் புதுப்பிக்குங்கால், பக்கத்தில் கையால் செய்த திருத்தமும் எழுத்தமைதியும் அழிந்துவிடும். வாரக்கணக்கில் உழைத்து அடியும் சீரும் பிரித்து அமைத்தவர், புதுப்பிக்கும் பொத்தானைத் தொட அஞ்சுவதில் வியப்பில்லை. அவரைக் குறை கூறுவோர் அவ்வுழைப்பை எண்ணிப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, நாள் பற்றிய மயக்கம். இணைப்புற்ற கோப்பு மாறியதா என்பதை வடிவமைப்பு மென்பொருள் கோப்பின் திருத்த நேரத்தைக் கொண்டு உணர்கின்றது. களஞ்சியத்தினின்று கோப்பைத் தம் கணினிக்கு இறக்கும்பொழுதோ, கிட் அதன் பழைய நேரத்தை மீட்டுத் தருவதில்லை. இறக்கிய நேரமே கோப்பின் நேரமாகின்றது. இதனால் இரு தீங்கு விளைகின்றன. ஓரெழுத்தும் மாறாத கோப்புகள் எல்லாம் மாறியனபோல் எச்சரிக்கையுடன் தோன்றுகின்றன. பத்து முறை பொய்யெச்சரிக்கை கண்டவர் பதினோராவது மெய்யெச்சரிக்கையையும் புறக்கணிப்பர். மற்றொன்று இதனினும் கொடிது. பழைய பாடமுடைய கோப்பு நேற்று இறக்கப்பட்டமையால் புதியது எனப்படுகின்றது. புதிய பாடமுடையது சென்ற வாரத்தது ஆகையால் பழையது எனப்படுகின்றது. 'எது பிந்தியதோ அதனைக் கொள்க' என்னும் விதியைப் பின்பற்றுவோர் நல்ல பாடத்தை நீக்கித் தீய பாடத்தை நாட்டுவர். பிந்திய ஏடு எப்பொழுதும் பிழைமலிந்ததன்று. முந்திய மூலத்தினின்று நேரே எழுதப்பட்டதாயின் அதுவே சிறந்ததாகலாம் என்பது பாடத்திறனாய்வு பயின்றார் அறிந்ததே. நாளைக் கொண்டு பாடம் துணிதல் ஏட்டிலும் பொருந்தாது, கோப்பிலும் பொருந்தாது.

மூன்றாவது தமிழெழுத்துக்கே உரிய இடர். இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஒருங்குறியில் 'பொருள்' என்னும் சொல்லின் முதலெழுத்தை இரு வகையில் எழுதலாம். பகரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக இடுவது மற்றொன்று. ஓகாரக் குறியும் ஔகாரக் குறியும் இத்தகையனவே. திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒருங்குறி விதியும் அவை நிகர் என்றே கூறுகின்றது. எனினும் கிட் எழுத்தை நோக்குவதன்று, எண்ணை நோக்குவது. ஆகவே ஒரு விசைப்பலகையில் எழுதிய பாடத்தை வேறொரு கருவி பிரித்துச் சேமித்துவிட்டால், ஒகரமும் ஓகாரமும் வரும் அடிகள் யாவும் மாறியனவாகப் பட்டியலில் வந்து நிற்கும். ஆயிரம் பொய்வேறுபாடுகளின் நடுவே மெய்வேறுபாடு மூன்று கிடந்தால், அவற்றைக் கண்ணால் தேடிக் காண்பது அரிது. ஒப்பிடுவதற்கு முன் இரு படிகளையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் இதற்குத் தீர்வு. குறிகளைச் சேர்த்தெழுதும் வடிவமே பொதுவாக விரும்பப்படுவது.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. 'கௌ' என்பதில் வலப்புறம் நிற்பது ஔகாரத்தின் பகுதி. அதனை ளகர எழுத்தாகக் கருதி ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு எழுதுவோர் பலர். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒருவாறே தோன்றும். ஆயினும் ஒருங்குறி விதிப்படி இவை நிகரல்ல. 'கௌவை' என்னும் சொல்லைத் தேடினால் இவ்வாறு எழுதியது அகப்படாது. மேற்கூறிய ஒருவடிவாக்கமும் இதனைத் திருத்தாது. இஃது எழுத்துப்பிழை, மூலத்திலேயே திருத்தப்பட வேண்டுவது. ஓலைச்சுவடியில் எகர ஏகாரங்கள் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒத்திருந்தன. மெய்க்குப் புள்ளி இடப்படவில்லை. ஒரே வடிவில் எழுதியதை வேறு வேறாகப் படித்தறியும் பயிற்சி நம் பதிப்பாசிரியர்க்கு அதனால் வாய்த்தது. இன்று பொறி தனக்குள் வேறு வேறாக எழுதியிருப்பதைக் கண் ஒன்றாகப் படிக்கின்றது. பழைய பயிற்சி இங்கே முழுதும் உதவாது. குறியெண்ணைக் காட்டும் கருவியின் துணை வேண்டும்.

கோப்பின் பெயரைத் தமிழில் இடுவோர்க்கு இவ்விடர் பெயரிலேயே நேரும். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை, 2017ஆம் ஆண்டில் புதிய முறை வரும்வரை, பெயர்களில் உள்ள ஒகர ஓகாரக் குறிகளைப் பிரித்தே சேமித்தது. லினக்சில் இரு வடிவமும் இரு வேறு பெயர்கள். 'தொகுதி' என்னும் பெயரில் ஒரே கோப்புறையில் இரு கோப்புகள் அருகருகே நிற்பதும், ஒன்றில் திருத்தியதை மற்றொன்றில் தேடி வருந்துவதும் இதனால் நிகழ்வன. பெயரை ஒன்றாக்கி வைக்கும் அமைவு ஒன்றினைக் கிட் 2012ஆம் ஆண்டில் ஆப்பிள் கணினிக்கெனச் சேர்த்தது. பெயர்க்கு இலத்தீன் எழுத்தும் எண்ணும் மட்டும் வழங்குதல் எளிய வழி. தமிழன்பர்க்கு இஃது உவப்பன்றெனினும், நூலின் பாடத்தைக் காத்தற்பொருட்டுப் பொறுத்துக்கொள்ளத்தக்கதே.

ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைத்த பக்கங்களைப் பற்றிச் சிறிது கூறலாம். அவற்றில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே குறிகள் நிற்கும். கொம்பு முன்னும் மெய் பின்னுமாக. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் களஞ்சியப் படியோடு ஒப்பிடுதல் வீண். மாற்றிய பின்னரும் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தல் வேண்டும்.

இனி, பிணக்குற்ற இரு படிகளை ஆராயும் முறையைக் காண்போம். முதலாவது, இரண்டிலும் எழுதுவதை நிறுத்தி, இருக்கும் நிலையிலேயே இரண்டையும் படியெடுத்து வைத்தல் வேண்டும். அவசரத்தில் ஒன்றன்மேல் ஒன்றைப் பதிவதாலேயே பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன. அடுத்து, பக்கத்தினின்று பாடத்தைப் பிரித்தெடுத்தல் வேண்டும். இன்டிசைன் 2008ஆம் ஆண்டு முதல் ஐ.டி.எம்.எல். என்னும் வடிவில் கோப்பை வெளியிடும் வசதி உடையது. அது சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. பிரித்தால் உள்ளே உரைப்பகுதிகள் ஒவ்வொன்றும் படிக்கத்தக்க எழுத்துக் கோப்பாகக் கிடைக்கும். எழுத்தமைதி மாறுமிடத்தில் உரை துண்டுபட்டிருக்கும் ஆகலின், துண்டுகளைச் சேர்த்துப் பாடத்தை மட்டும் எடுத்தல் வேண்டும். வரி நிரப்புதற்காக இட்ட ஒடிகுறி, கட்டாய வரிமுறிவு ஆகியன அமைப்போர் செய்தவை, பாடத்தின் பகுதியல்ல. அவற்றைக் கழித்துவிடலாம். ஆயின் செய்யுளில் அடிமுடிவு பாடத்தின் பகுதி. ஆகவே எம்முறிவு அடிக்குரியது, எம்முறிவு இடமின்மையால் வந்தது என்பதைப் பொறியிடம் விடாமல் யாப்பறிந்தவர் முடிவு செய்தல் வேண்டும். கண்ணுக்குத் தோன்றாத இடைக்குறிகளையும் கண்மூடி நீக்கலாகாது. ககர மெய்யும் ஷகரமும் கூட்டெழுத்தாகிவிடாமல் தடுக்க வேண்டுமென்றே அவற்றை இடுவாரும் உளர்.

பின்னர், மூன்றாம் படி ஒன்றைத் தேடல் வேண்டும். அஃதாவது பக்கத்துள் பாடம் புகுந்த நாளில் களஞ்சியம் இருந்த நிலை. இரண்டு படிகளை மட்டும் ஒப்பிட்டால் அவை வேறுபடுகின்றன என்பதே தெரியும். பொது முற்படியையும் உடன்வைத்தால் எது மாறிற்று என்பது தெரியும். முற்படியில் 'வழி' என்றும், களஞ்சியத்தில் 'வளி' என்றும், பக்கத்தில் 'வழி' என்றும் உள்ளதாகக் கொள்க. மாறியது களஞ்சியம், பக்கம் பழைய நிலையிலேயே உள்ளது. களஞ்சியத் திருத்தத்தைப் பக்கத்தில் ஏற்றுதல் தக்கது. களஞ்சியத்தில் 'வழி', பக்கத்தில் 'வளி' எனின், மெய்ப்புப் பார்த்தவர் பக்கத்திலேயே திருத்தியுள்ளார்; அது களஞ்சியத்துக்குச் செல்லல் வேண்டும். முற்படியில் 'வழி', களஞ்சியத்தில் 'வளி', பக்கத்தில் 'வலி' என மூன்றும் வேறுபடின், அங்கே எக்கருவியும் முடிவு கூறாது. பதிப்பாசிரியர் ஏடுகளை மீண்டும் நோக்கித் துணிதல் வேண்டும். இம்மூன்றாம் வகை மிகச் சிலவே இருக்கும். ஏனையவற்றைப் பிரித்து ஒதுக்கிவிட்டால் அவற்றுக்குரிய நேரமும் கருத்தும் கிடைக்கும்.

இம்முறை இயல வேண்டுமாயின் முற்படி இன்னதெனத் தெரிதல் வேண்டும். பக்கத்துள் பாடத்தை ஏற்றும் அன்றே, அந்த ஒப்படைப்பின் குறியைப் பக்கத்தின் அச்சாகாத ஓரத்தில் எழுதி வைத்தல் எளிய ஏற்பாடு. சுவடியின் ஈற்றில் எழுதுவோர் நாளும் பெயரும் குறித்து வைத்த வழக்கத்தோடு இஃது ஒப்பது. களஞ்சியத்தில் ஓர் அடிக்கு ஒரு வரியாக எழுதுவதும் பயன் தரும். கிட் வரிவரியாக ஒப்பிடுவதாகலின், ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக நிற்பின் ஓரெழுத்து மாற்றமும் பத்தி மாற்றமாகவே காட்டப்படும்.

பக்கக் கோப்பையும் களஞ்சியத்திலேயே வைப்பார் இரண்டினை அறிந்திருத்தல் வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் திருத்திய இருமக் கோப்புகளை ஒன்றிணைக்க இயலாது. ஒருவர் உழைப்பு வீணாகும். ஆதலின் ஒருவர் எடுத்தால் மற்றவர் எடுக்காதபடி பூட்டுதல் இன்றியமையாதது. பெருங்கோப்புகளுக்கென 2015ஆம் ஆண்டில் வெளிவந்த கிட் எல்.எப்.எஸ். என்னும் துணைக்கருவி, 2017 முதல் இப்பூட்டு வசதியை உடையது. அத்துணைக்கருவி நிறுவாத கணினியில் இறக்கினால், கோப்புக்கு மாற்றாகச் சில வரிகளே உடைய சுட்டுக் குறிப்பொன்று வந்து நிற்கும். கோப்பு சிதைந்துவிட்டது என அஞ்சுவார் முதலில் அதன் அளவை நோக்குக. சில நூறு எண்மிகளுக்கு மேற்படாததாயின் சிதைவன்று, துணைக்கருவி இன்மையே. மற்றொன்று மென்பொருளின் பதிப்பு. புதிய இன்டிசைனில் சேமித்த கோப்பைப் பழையது திறவாது. குழுவில் ஒருவர் மட்டும் புதுப்பித்துக்கொண்டால் ஏனையோர் கதவடைக்கப்பட்டவர் ஆவர். அவர்க்கு மேற்கூறிய ஐ.டி.எம்.எல். வடிவமே வழி.

நூல் அச்சேறும் நாளில், களஞ்சியத்தின் அந்நிலைக்கு ஒரு பெயரிட்டு, பக்கக் கோப்பையும் ஐ.டி.எம்.எல். வடிவையும் அச்சுக்குச் சென்ற பி.டி.எப். கோப்பையும் உடன் சேர்த்து வைத்தல் வேண்டும். இரண்டாம் பதிப்புக்கு வருவார் பி.டி.எப். கோப்பினின்று பாடத்தைப் படியெடுக்க முனைதல் கூடும். தமிழ் எழுத்துகள் அதனுள் தோற்ற வரிசையில் அமைந்திருத்தல் உண்டு. படியெடுத்தால் கொம்பும் காலும் இடம்மாறி வரும். அச்சில் எது நின்றது என்பதற்கு அது சான்று. பாடத்தைக் களஞ்சியத்தினின்றே எடுத்தல் வேண்டும்.