ஊரும் பேரும் – 14: குரோம்பேட்டைக்குள் ஒரு மணியக்காரர்

ஜி.ஏ. சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். அவருக்கும் முன்பே மதராஸில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதித்திருந்தார். கவலை இறைக்கும் தோல் சால் தண்ணீரில் ஊறி இற்றுப்போகாமல் இருக்க அது உதவியது.

அந்த முறை சாட்டர்டன் கண்டுபிடித்ததல்ல. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோலைக் குரோமிய உப்பால் விரைவாகப் பதப்படுத்தும் வழியைத் தொழிலுக்கு ஏற்றதாக்கி, 1884-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ். நியூயார்க்கில் சாயத்தொழில் சார்ந்த வேதியியல்காரர். சீமாட்டிகளின் இடைக்கச்சில் வைத்துத் தைத்த எஃகுப் பட்டைகள், படிகாரத் தோல் பட்டுத் துருப்பிடித்தனவாம். அதற்கு மாற்றுத் தேடப்போய்ச் சிக்கியதுதான் இது என்பார்கள்.

ஷுல்ட்ஸ் என்ற பெயருக்கு வருவோம். ஜெர்மனியில் அதிகம் வழங்கும் முதல் பத்துக் குடும்பப் பெயர்களில் இது ஒன்று. வேர், 'ஷுல்ட்ஹைஸ்' என்ற பழைய பதவி. ஊராருக்கு அவரவர் செலுத்த வேண்டியதைச் சொல்லி வசூலிப்பவர், சில்லறை வழக்குகளையும் தீர்ப்பவர். நம்மூர் மணியக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். மேற்கே வெஸ்ட்ஃபாலியாவில் இது ஷுல்ட்டெ ஆனது, சிலேசியாவில் ஷோல்ட்ஸ். 2021-இல் ஜெர்மன் பிரதமரான ஓலாஃப் ஷோல்ட்ஸின் பெயரும் இந்தக் கொடியில் காய்த்ததே. படித்தவர்கள் சிலர் லத்தீனில் பிரிட்டோரியுஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். இசையமைப்பாளர் மிகையேல் பிரிட்டோரியுஸ் அப்படிப்பட்ட குடும்பத்தவர். பெயருக்குக் கோட்டு மாட்டும் ஆசை எந்த நாட்டில்தான் இல்லை?

பெயர் அடர்ந்திருப்பது வடக்கிலும் கிழக்கிலும்தான். குறிப்பாக பிராண்டன்பர்க், பழைய பொமரேனியா. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே புதுக் கிராமங்கள் எழுந்தன. குடியானவர்களைத் திரட்டிக் கூட்டிவந்தவருக்கே பெரும்பாலும் தலைவர் பதவி. அது பிள்ளைக்கும் போனது. ஊருக்கு ஒரு தலைவர் இருந்ததால் ஊருக்கு ஒரு ஷுல்ட்ஸ் குடும்பமும் முளைத்தது. ஆகவே இரண்டு ஷுல்ட்ஸ்கள் சந்தித்தால் பங்காளி முறை கொண்டாட வேண்டியதில்லை.

இங்கேயும் சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் பரம்பரைக் கிராம அதிகாரம் இருந்தது. 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்து வி.ஏ.ஓ.க்களைக் கொண்டுவந்தது. 'மணியக்காரர் வீடு' என்ற அடையாளம் சில ஊர்களில் மிஞ்சினாலும், அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தில் பதவிப்பெயர் பேரன் வரைக்கும் ஒட்டிக்கொண்டு போவதில்லை.

தோல் ஷுல்ட்ஸுக்கு வெகுகாலம் முன்பே இன்னொரு ஷுல்ட்ஸ் மதராஸுக்கு நேரிலேயே வந்துவிட்டார். பெஞ்சமின் ஷுல்ட்ஸெ, 1689-இல் பிராண்டன்பர்க் நாட்டின் சோனன்பர்க்கில் பிறந்தவர். சரியாக அந்தப் பெயர் விளையும் மண். 1719-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். சீகன்பால்கு பாதியில் விட்டுப்போன பழைய ஏற்பாட்டுத் தமிழாக்கத்தை முடித்தார். சக பாதிரிகளோடு ஒத்துப்போகாத ஆள். 1726-இல் மதராஸுக்கு நகர்ந்தார், தெலுங்குக்கு இலக்கணம் எழுதினார், 1743-இல் ஊர் திரும்பினார். இந்துஸ்தானிக்கு அவர் எழுதிய இலக்கணம் அதன்பின் ஜெர்மனியில் அச்சேறியது.

(தொடரும்)