மேசைக் கணினி பழுதானால் நாமே செய்யத்தக்கவை

தோட்டப்புற வீடுகள் பலவற்றில் இன்று பிள்ளைகளின் கல்விக்காக ஒரு மேசைக் கணினி இடம்பெற்றிருக்கின்றது. அது திடீரென இயங்க மறுத்தால், பட்டணத்துக் கடைக்குத் தூக்கிச் செல்லும் கூலியும், பழுதுபார்க்கும் செலவும், பிள்ளையின் பாடம் தடைப்படுவதும் பெற்றோருக்குச் சுமையாகின்றன. கணினியின் பழுதுகள் அனைத்தும் பெரியவை அல்ல. சிலவற்றை நாமே சரிசெய்யலாம். சிலவற்றில் கை வைக்கவே கூடாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற்கடமை.

முதலில் பெட்டியைத் திறவாமல் வெளிப்புறத்தைச் சோதிப்போம். சுவர் விசை போடப்பட்டுள்ளதா, கம்பிகள் தளர்ந்துள்ளனவா, திரைக்கு மின்சாரம் வருகின்றதா எனப் பார்க்கவேண்டும். மூன்று முனைச் செருகியினுள் இருக்கும் பியூஸ் எரிந்திருக்கலாம். செருகியைக் கழற்றிய பின்னர், அதே ஆம்பியர் அளவுள்ள புதிய பியூஸையே பொருத்துக. கம்பித் துண்டையோ வெள்ளீயத் தாளையோ வைப்பது வீட்டிற்கே தீ வைப்பதற்கு ஒப்பாகும். புதிய பியூஸும் எரிந்தால், அறிந்தவரிடம் காட்டுவதே முறை.

பெட்டியைத் திறக்குமுன் கணினியை நிறுத்தி, செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, மற்றக் கம்பிகளையும் கழற்றவேண்டும். பின்னர் இயக்கு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், பலகையில் எஞ்சியுள்ள மின்சாரம் வடிந்துவிடும். ஈரக் கையுடனோ, இடி மின்னல் வேளையிலோ இவ்வேலையில் இறங்கலாகாது. உள்ளே கை வைக்குமுன், பெட்டியின் வர்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொடுக. உடலில் தங்கியுள்ள நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்காதிருக்க இது உதவும்.

பெரும்பாலான பெட்டிகளில் பின்புறத் திருகாணிகள் இரண்டைக் கழற்றினால், பக்கத் தகடு பின்னோக்கி நகர்ந்து வரும். எதையும் அகற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நன்று. எக்கம்பி எங்கே இருந்தது என்னும் ஐயம் பின்னர் எழாது. திருகாணிகளைச் சிறு கிண்ணத்தில் போட்டுவைக்கவும்.

கணினி சிறிது நேரம் ஓடித் தானே நின்றுவிடுமாயின், வெப்பம் மிகுதல் காரணமாக இருக்கலாம். காற்றாடியிலும் அதனடியில் உள்ள உலோகத் தகடுகளிலும் படிந்த தூசியை உலர்ந்த மென்தூரிகையால் அகற்றுக. காற்றாடி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். ஈரத்துணி கூடாது.

காற்றாடி சுழன்றும் திரையில் ஒன்றும் தோன்றாவிடில், ரேம் எனப்படும் நினைவக அட்டையைக் கவனிக்க. அதன் முனையிலுள்ள பிடிப்பை விலக்கினால் அட்டை மேலெழும். பொன்னிறப் பற்களைப் பள்ளிப்பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களை நீக்கி, அட்டையின் வெட்டும் பள்ளத்தின் மேடும் ஒன்றுமாறு வைத்து, 'டக்' என்னும் ஒலி கேட்கும்வரை நேராக அழுத்துக.

கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் நாளும் நேரமும் பின்னோக்கிப் போகின்றனவா? தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்திருக்கும். பல கணினிகளில் அது 3 வோல்ட் அளவுள்ள சிஆர் 2032 வகையாகும். பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர். அதனை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரும்.

இனி, தொடக்கூடாதவை இரண்டு. மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறவாதீர். அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில், செருகியைப் பிடுங்கிய பின்னரும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். கருகிய நாற்றம் வந்தால் பெட்டியையே மாற்றவேண்டும். அடுத்தது வன்தட்டு. அதிலிருந்து 'டிக் டிக்' என ஓசை எழுமாயின் அது பழுதாகத் தொடங்கியுள்ளது எனக் கருதி, பிள்ளையின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் உடனே வேறிடத்தில் படியெடுத்துவிடுக. கணினியை மீண்டும் வாங்கலாம். அழிந்த பாடங்களை வாங்க இயலாது.

மரத்தின் உட்பகுதியைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் கைகளுக்கு, எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பதைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் கழற்றிப் பார்த்து, அதனை மீண்டும் பொருத்திய பின்னரே அடுத்ததற்குச் செல்வோமாக. பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு செய்வோமாயின், அதுவும் அவர்களுக்கு ஒரு பாடமாகும்.