இறுகிப்போன செப்டிக் டேங்க்

கூட்டேரிப்பட்டில் மயிலம் போகும் சாலை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், மூன்று வருஷம் பூட்டிக் கிடந்த ஒரு வீடு. புதிதாகக் குடிவர இருந்தவர்கள் செப்டிக் டேங்க் லாரியை வரவழைத்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. சுவர் விரிசல் வழியாக நீரெல்லாம் கசிந்துபோய், கசடு மட்டும் கோடையில் வெடித்த ஏரிக்களிமண் மாதிரி பாளம் பாளமாக இறுகிக் கிடந்தது. ஹோஸை இறக்கினார்கள். பம்பு இரைந்ததே தவிர, ஒன்றும் ஏறவில்லை.

லாரி கழிவை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் பம்பு செய்வது, டேங்கருக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான். உள்ளே அழுத்தம் குறைந்ததும், வெளிக்காற்று தொட்டியிலுள்ள நீரை அழுத்தி ஹோஸ் வழியே மேலே தள்ளுகிறது. அப்படி நீரை ஏற்றக்கூடிய உயரம் அதிகபட்சம் சுமார் 10 மீட்டர். ஆனால் ஓடுகிற பொருளைத்தான் காற்று தள்ளும். பாளத்தின் வெடிப்புகளில் ஹோஸ் வெறும் காற்றையே இழுக்கிறது.

காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் தொட்டியில் மலத்தைப் பெருமளவு செரித்துவிடுகின்றன. மணலும் செரிக்காத கசடும் அடியில் தங்குகின்றன. எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாகப் படிகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை எடுத்துவிட்டால் கசடு குழம்பாகவே வந்துவிடும்.

இறுகிவிட்டால் மருந்து தண்ணீரும் பொறுமையும்தான். தொட்டியில் நீர் விட்டு ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு மேலே நின்றபடியே ஜெட் அடித்துக் கரைத்து, உறிஞ்சி, மறுபடி நீர் விட வேண்டும். ஆசிட் ஊற்றவே கூடாது. அது சிமெண்டை அரிக்கும், பாக்டீரியாவைக் கொல்லும், கசடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையும் கிளப்பிவிடும்.

இந்த வாயுவைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். ‘வாடை போயிடுச்சு’ என்று இறங்குகிறவர் சில மூச்சிலேயே சரிந்துவிடுவார். தூக்கப் போகிறவரும் அப்படியே. பாளத்தை மண்வெட்டியால் கொத்தினால், உள்ளே அடைபட்ட வாயு முகத்துக்கு நேரே வெளியேறும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அந்த வேலையில் உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. ‘ஒரு ஆளை இறக்கினா அரை மணியில முடிஞ்சுடும்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். லாரிக்கு 14420 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அந்த வீட்டில் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு மூடினார்கள். மூன்றாம் நாள் ஜெட் அடித்துவிட்டு ஹோஸை இறக்கியதும் அது ஒருமுறை உதறியது. பிறகு கனத்து, மண்ணில் அழுந்திக் கிடந்தது. கழிவு ஏற ஆரம்பித்திருந்தது.