மஞ்சள் பெட்டி

1937 பிப்ரவரியில் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தல் நடந்தது. கரிசல் காட்டில் அது கம்பும் சோளமும் உளுந்தும் களம் சேரும் காலம். எட்டயபுரம் அப்போது ஜமீன். திருநெல்வேலிச் சீமையின் பெரிய ஜமீன்களில் ஒன்று. வானம் பார்த்த பூமியில் உழுதவர்களின் தீர்வையும் வழக்கும் அரண்மனையைச் சுற்றியே நடந்தன. அப்படிப்பட்ட மண்ணில், அரண்மனைக்குத் தெரியாமல் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டு வீடு திரும்ப ஒரு சம்சாரிக்கு வழி வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகத் தீர்க்க அந்தத் தேர்தலில் பயன்பட்ட கருவி, நிறம் பூசிய பெட்டி.

சிக்கலின் அளவைப் பார்த்தால்தான் தீர்வின் அருமை தெரியும். 1931 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குள்தான். அதே காலத்து ஸ்காண்டிநேவியாவில் ஏறக்குறைய எல்லாரும் வாசிப்பார்கள். ஸ்வீடனில் பெண்கள் முதன்முதலாக நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட ஆண்டு 1921. நார்வே விகிதாசார முறைப்படி தேர்தல் நடத்தியதும் அதே ஆண்டில்தான். கட்சிகளின் பெயர்ப்பட்டியலை வாசித்துத் தேர்ந்தெடுக்கிற அந்த முறை, வாசிக்கத் தெரிந்த ஊரில்தான் நடக்கும். ஆனாலும் ரகசியம் என்பது அவர்களுக்கும் நெடுநாள் பழக்கமில்லை. டென்மார்க்கில் 1901 வரை ஊரார் முன்னிலையில் வெளிப்படையாகத்தான் வாக்களித்தார்கள். நிலக்கிழார் பார்த்துக்கொண்டு நிற்கையில் அவருக்கு எதிராகக் கை உயர்த்த எத்தனை குடியானவர்களுக்குத் துணிச்சல் வரும்? படிப்பு இருந்தால் மட்டும் போதாது, மறைவும் வேண்டும்.

சென்னை மாகாணத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு நிறம். வாக்காளர் கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அதில் எதுவும் எழுத வேண்டாம், கீற வேண்டாம். மறைப்புக்குள் போய், பிடித்த நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் போதும். சீட்டுகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். விழுந்த பெட்டிதான் கருத்து. படித்தவரின் ஓட்டும் கைநாட்டுக்காரரின் ஓட்டும் எண்ணும்போது ஒரே மாதிரி கிடக்கும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. எழுத்தையே நீக்கிவிட்டதால் எழுத்தறியாமையும் தடையாக இல்லாமல் போயிற்று.

காங்கிரசுக்குக் கிடைத்தது மஞ்சள். காந்திக்கும் மஞ்சள் பெட்டிக்கும் ஓட்டுப் போடச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி மேடைக்கு மேடை பேசினார், பாடகி கே. பி. சுந்தராம்பாள் பாடினார். மஞ்சள் இங்கே மங்கலம் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்ணின் இயல்பும் அந்த நிறத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வது சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தை. அது மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் இடம். அதனால் சிவப்பையும் நீலத்தையும்விட மஞ்சள் பளிச்சென்று தெரிகிறது. நிறக்குருடு உள்ளவர்களில் பெரும்பாலானோர் சிவப்பையும் பச்சையையும்தான் குழப்பிக்கொள்வார்கள். மஞ்சளையும் நீலத்தையும் பிரித்தறிவதில் அவர்களுக்குச் சிரமமில்லை. இந்தக் குறை ஆண்களிடமே மிகுதி, அன்றைய வாக்காளர்களிலும் ஆண்களே மிகுதி. கண்ணியலைப் படித்துவிட்டு யாரும் அந்த நிறத்தைக் கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் கண் தன் வேலையைச் செய்திருக்கும்.

பெட்டிகள் திறந்தபோது 215 இடங்களில் காங்கிரஸ் 159 பிடித்திருந்தது. மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பொப்பிலி ராஜாவை அவருடைய பொப்பிலியிலேயே காங்கிரசின் வி. வி. கிரி தோற்கடித்தார். எட்டயபுரத்துக்குக் கிழக்கே ராமநாதபுரத்தில் சேதுபதி மன்னரையே முத்துராமலிங்கத் தேவர் வென்றார். வடக்கே சாத்தூரில் பெட்டிக்கு வேலையே வரவில்லை. காமராஜர் போட்டியின்றித் தேர்வானார். இந்த முடிவுகளுக்கு இயக்கத்தின் உழைப்புதான் முதல் காரணம். அந்த உழைப்பு ஓட்டாக மாறியதில் மறைப்புக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். ராஜாவின் நிலத்தில் வாழ்கிறவர் ராஜாவுக்கு எதிராகச் சீட்டுப் போட, தன்னை எவரும் பார்க்கவில்லை என்ற உறுதி தேவை.

அந்த மறைப்புக்குள் எல்லாரும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1935 இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் ஓட்டுரிமை பெற்றவர்கள் சுமார் 3 கோடிப் பேர். நிலவரி, வீட்டுவரி, படிப்பு போன்ற தகுதிகள் வழியாகத்தான் பட்டியலில் பெயர் ஏறியது. சொத்துள்ள கணவர் இருந்தால் பெண்ணுக்கும் உரிமை வரும். கரிசலில் கூலிக்குக் களையெடுத்த, பருத்தி எடுத்த பெண்களில் மிகப் பலர் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

நிறத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. இரண்டு மூன்று பேர் போட்டியிட்டால் நிறம் போதும். எட்டு, பத்து என்று ஆகிவிட்டால் எந்தப் பச்சை யாருடையது என்ற குழப்பம் வரும். வயது வந்த அனைவரும் வாக்களித்த 1951-52 பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள் இருந்தார்கள். முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் பெட்டிமேல் படம் ஒட்டினார்கள். இரட்டைக் காளை போல, கிராமத்தார் தினமும் பார்க்கிற உருவங்கள் சின்னங்கள் ஆயின. நிறங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், உருவங்கள் தீராது. ஆளுக்கொரு பெட்டி என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே நீடித்தது.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. சீட்டில் குறி எதுவும் இல்லை என்பதால் அதைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அப்படி வந்த சீட்டுகளை ஒருவர் விலைக்கு வாங்கி, உள்ளே போகும் தன் ஆளிடம் கொடுத்து, மொத்தமாகத் தன் பெட்டியில் போடவைக்கலாம். 1962 பொதுத்தேர்தலில் முறை மாறியது. எல்லாருக்கும் பொதுவான ஒரே பெட்டி வந்தது. பெயரும் சின்னமும் சீட்டிலேயே அச்சாகின. வாக்காளர் முத்திரை குத்தினார்.

முத்திரையால் வேறொரு சிக்கல் வந்தது. மை காயுமுன் சீட்டை மடித்தால் முத்திரை எதிர்ப்பக்கத்தில், இன்னொரு சின்னத்தின்மேலும் பதிந்துவிடும். எண்ணுகிறவர் எதை ஏற்பது? அதற்கும் வடிவத்திலேயே விடை கண்டார்கள். தேர்தல் முத்திரையின் குறி, நான்கு கைகளும் ஒரே சுற்றில் வளைந்த உருவம். அதை எந்தப் பக்கம் திருப்பிக் குத்தினாலும் வளைவின் திசை மாறாது. மடிப்பில் ஒட்டிய நகலிலோ, கண்ணாடியில் பார்ப்பதுபோல், வளைவு எதிர்த்திசையில் இருக்கும். எந்தப் பதிவு வாக்காளர் குத்தியது, எது மடிப்பில் ஒட்டியது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அவருடைய ஓட்டும் செல்லாமல் போகாது.